நான்கு விரல் டீசல்

ஹார்ல்ஸ்டன் மதகுகளுக்கு மேலே,
நவம்பர் 14, வியாழன்

அன்புள்ள கிளிஃப்,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருப்பவன் ஆஸ்பத்திரியில் ஏன் படுத்திருக்கிறான்? வலது கை கொஞ்சம் அசைகிறது என்று நர்ஸ் அம்மா சொன்னார். இந்த வாரத்துக்கு எனக்கு அது போதும். உங்கள் வார்டில் வாந்திபேதி பரவியிருப்பதால் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். போனில் பேசலாம்தான். ஆனால் போன முறை நான் பேசப் பேச, நீ பதில் சொல்ல முயன்று வார்த்தை வராமல் திணறியது என் காதில் விழுந்தது. அதை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது. அதனால்தான் கடிதம். வாசித்துச் சொல்லும் நர்ஸ் அம்மா, நான் திட்டுகிற இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான்.

முதலில் நல்ல செய்தி. நம் படகு வீட்டை நானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கால்வாயில் நாலு நாள், பத்தொன்பது மைல், படகை ஏற்றி இறக்கும் இருபத்தொரு மதகு. கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து படகில் ஏறி, படகை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கதவை மூடி என்று, நாய் மாதிரி ஓடினேன். பின்பக்கம் ஒரே ஒரு கீறல். அது முன்பே இருந்தது என்றுதான் சொல்லப்போகிறேன். இப்போது சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே உன் ஆஸ்பத்திரியின் புகைபோக்கி தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிக்கிறேன்.

இனி கெட்ட செய்தி. வந்து சேர்ந்த அன்றே உன் டீசல் ஹீட்டர் படுத்துக்கொண்டது. பட்டனை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, பம்ப் டிக் டிக் என்று தட்டுகிறது, ஒரு மூன்று நிமிடம் நம்மை ஏமாற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. ரேடியேட்டர் எல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது. பேட்டரி பார்த்தேன், நன்றாக இருக்கிறது. டேங்கில் குச்சி விட்டும் பார்த்தேன். நாலு விரல் நனைந்து வந்தது, எஞ்சினும் ஒரே தட்டில் கிளம்புகிறது. ஆக டீசல் குறை இல்லை. நல்ல விறகடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாம்பல் வேண்டாம், தூசி வேண்டாம் என்று இந்த மெஷினை நீ வைத்த அன்றே நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா?

இந்த ஹீட்டர் விஷயம் சும்மா இல்லை, கிளிஃப். வீட்டைப் பார்த்துச் சான்று கொடுக்கிற பெண், பிரயோனி என்று பெயர், வரும் புதன்கிழமை பத்து மணிக்குப் படகுக்கு வருகிறாள். உள்ளே பதினெட்டு டிகிரி இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் உன்னைப் படகுக்கு அனுப்பமாட்டார்கள். நகரத்தில் மூன்றாவது மாடியில் பராமரிப்பு வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம், அங்கேதான் போக வேண்டும். இப்போது உள்ளே எட்டு டிகிரி. மணிக்கொரு தரம் எழுந்துபோய் அந்தப் பட்டனை அழுத்துகிறேன். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

இன்னொன்று. எதைக் கேட்டாலும் நீ தலையாட்டுகிறாயாம். உருளைக்கிழங்கா என்றாலும் ஆட்டுகிறாய், பட்டாணியா என்றாலும் ஆட்டுகிறாய் என்று நர்ஸ் அம்மா சிரிக்கிறார். நாற்பது வருஷத்தில் என் பேச்சுக்கு ஒரு முறையாவது இப்படித் தலையாட்டியிருப்பாயா? நன்றாகச் சாப்பிடு. கையை அசைத்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
இரண்டு மேல்கோட்டுக்குள் இருக்கும் டோரீன்


நவம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள கிளிஃப்,

உன் ஹீட்டர் இப்போது ஒரு முட்டை அட்டையில் இருக்கிறது. ஒரு குழிக்கு ஒரு திருகாணியாக, ராட்னி பிரித்து வைத்திருக்கிறார். ராட்னியை உனக்குத் தெரியாது. நம் படகுக்குப் பின்னால் பச்சைப் படகு கட்டியிருக்கும் மனிதர். ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக். தாடி, ஒரு கிழட்டுப் பூனை, எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து.

அவர் மட்டுமா? இந்தக் கால்வாயில் ஹீட்டர் வைத்தியர் இல்லாத படகே கிடையாது. கரையோரம் நடந்து போகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தே நின்றுவிடுகிறார்கள். புகைக்குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும் என்றார் ஒருவர். டீசலில் தண்ணீர் இறங்கிப் பாசி பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், படகை விற்றுவிடுங்கள் என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை எழுதமாட்டேன், நர்ஸ் அம்மா வாசிக்க வேண்டியிருக்கிறது.

ராட்னி பற்றவைக்கும் ஊசியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், ஃபில்டரை மாற்றினார். அப்புறம் பழைய டீசல் குழாயை எடுத்துவிட்டுக் கண்ணாடி போன்ற குழாய் ஒரு முழம் போட்டுப் பார்த்தார். அதில்தான் குட்டு வெளிப்பட்டது. டீசலோடு குமிழி குமிழியாகக் காற்றும் வருகிறது. எங்கோ குழாய் சேரும் ஒரு பூட்டு வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டி, டேங்கிலிருந்து ஹீட்டர் வரை பதினோரு பூட்டையும் முறுக்கினோம். மறுபடி பொருத்திப் பார்த்தோம். குமிழி நிற்கவில்லை. மறுபடி பிரித்தோம். பதினோரு பூட்டில் ஒன்று என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. பெரிய காயம் இல்லை, துணி சுற்றியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

ராட்னி தன் படகில் வந்து உட்காரச் சொன்னார், அவர் அடுப்பு நன்றாக எரிகிறது. அடுப்பு முட்டாளைக்கூடக் காப்பாற்றும், மெஷின் புத்திசாலியையும் கைவிடும் என்று உன்னைக் குத்திக் காட்டினார். நீ செய்ததை நான் குறை சொல்லலாம், அவர் யார் சொல்ல? எழுந்து வந்துவிட்டேன். வந்து பார்த்தால் நம் படகுக்குள் மூச்சு புகையாக வருகிறது. இருமலும் தொடங்கிவிட்டது. தொப்பியோடுதான் படுக்கிறேன்.

அந்த மூன்றாவது மாடியைப் போய் வெளியே நின்று பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். தண்ணீர் என்று பார்த்தால் மழை பெய்து தேங்கியதுதான். வாசலில் ஒரு அம்மா, நல்ல இடம், வெதுவெதுப்பாக இருக்கும் என்றாள். நல்ல இடம்தான், நான் பொய் சொல்லவில்லை. ஒருவருக்குத்தான் அறை. துணைக்கு வருபவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

எனக்கு பயமாக இருக்கிறது, கிளிஃப். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதிவிட்டேன். புதனுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இந்த மெஷினைக் கட்டியவன் நீ. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், உன்னால் சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
டோரீன்


நவம்பர் 20, புதன், மதியம்

அன்புள்ள கிளிஃப்,

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதுகிறேன். புரிகிறதா உனக்கு? உள்ளே இருபத்தொரு டிகிரி.

திங்கட்கிழமை காலையில் ராட்னி கைவிரித்துவிட்டார். ஹீட்டரை அவர் பூட்டிக்கொண்டிருந்தபோது, வேறு வேலை இல்லாமல் நான் டேங்கில் மறுபடியும் குச்சி விட்டேன். அதே நாலு விரல். துணியால் துடைக்கும்போது நகத்தில் ஏதோ தட்டியது. நனைந்த இடத்துக்கு ஒரு நூல் மேலே, அரத்தால் அறுத்த சின்ன வெட்டு. இத்தனை வருஷமும் குச்சி அடிபட்டது என்று நினைத்திருந்தேன். அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பனி உறைந்த அந்த ஜனவரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டினாய். டாக்டரிடம் போகலாம் என்று எஞ்சினைத் தட்டினால் டேங்க் காலி, அத்தனையையும் ஹீட்டர் குடித்துவிட்டிருந்தது. கயிற்றைத் தோளில் போட்டு, பாலம் வரை இரண்டு மைல் படகை இழுத்தாய். அடுத்த வாரம் டேங்கிலிருந்து ஹீட்டர் குழாயை உருவி, அடியை வெட்டிக் குட்டையாக்கிக் கொண்டிருந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு நீ சொன்னது, வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது:

“சூடு நின்னா நிக்கட்டும், டோரீன். நகர்றதுக்கு மட்டும் அடியில எப்பவும் நாலு விரல் மிச்சம் இருக்கும்.”

குழாய்ப் பாடம் எல்லாம் வேண்டாம், டீ போடு என்றேன் நான். அவ்வளவுதான், அப்போதே மறந்தும் போனேன். எஞ்சின் குழாய் டேங்கின் அடி வரை போகிறது, ஹீட்டர் குழாய் நீ குச்சியில் அடையாளம் வைத்த அந்த வெட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எஞ்சின் ஓடியது, ஹீட்டர் காற்றைக் குடித்தது. ஒரு பூட்டும் ஒழுகவில்லை, ஒரு சிலந்தியும் கூடு கட்டவில்லை. மற்ற வருஷமெல்லாம் அக்டோபரிலேயே டேங்கை நிரப்பிவிடுவாய். இந்த அக்டோபரில் நீ விழுந்துவிட்டாய். மிச்சம் இருந்ததை உன் பக்கம் வருவதற்கே நான் ஓட்டித் தீர்த்துவிட்டேன்.

ராட்னியிடம் சொன்னேன். முட்டை அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான், ஆனால் எழுதி ஒட்டியிருக்கலாம் என்றார். அது நியாயமான பேச்சு, கிளிஃப்.

டீசல் விற்கிற எண்ணெய்ப் படகு எங்கே என்று விசாரித்தால், மதகு பழுது பார்க்கிறார்கள் என்று கீழே ஒன்றரை மைலில் நிற்கிறது. அதன் சொந்தக்காரி ஜோஸி, உன் பெயரைச் சொன்னதுமே கேன்களை எடுத்து வைத்துவிட்டாள். ராட்னியின் தள்ளுவண்டியில் நேற்று மூன்று நடை. மழையில் கரையெல்லாம் சேறு. சக்கரம் புதைந்தபோது அவர் இழுத்தார், நான் தள்ளினேன், இரண்டு பேருமாக உன்னைத் திட்டினோம். ஊற்றிவிட்டுக் குச்சி விட்டேன், வெட்டுக்கு மேலே ஏறியிருந்தது. பட்டனை அழுத்தினேன். முதல் தடவை அடங்கியது. இரண்டாவது தடவையும் அடங்கி, பட்டனுக்கே அசையாமல் பூட்டிக்கொண்டது. ஃப்யூஸைப் பிடுங்கி மறுபடி போட்டோம். நாலாவது தடவை குழாயில் கடைசிக் குமிழி போனதை என் கண்ணால் பார்த்தேன். வெளியே குப்பென்று வெள்ளைப் புகை, அப்புறம் உள்ளே அந்த உறுமல். உனக்குப் பிடித்த உறுமல். ராட்னி தாடியைத் தடவுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறைக்கவில்லை, அழுதேன்.

இன்று காலை பிரயோனி வந்தாள். படிகளை அளந்தாள், இரண்டு கைப்பிடி போடச் சொன்னாள், ராட்னி அதை வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுவார். மேஜைமேல் வெப்பமானியை வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மேல்கோட்டைக் கழற்றினாள், அப்புறம் ஸ்வெட்டரையும் கழற்றினாள். படகில் தடை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டாள். நான் கேக் வெட்டப் போனேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். மூன்றாவது மாடிக்குப் போகிறீர்களா என்று நேற்று உன்னிடம் கேட்டார்களாம். நீ தலையாட்டினாயாம். இது பட்டாணிக்கு ஆட்டுகிற ஆட்டல் இல்லை, கேள்வி முடிவதற்குள் ஆட்டினார் என்றாள். “அவர் விருப்பம்தான்மா முக்கியம்” என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவரை இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன்.

எனக்குத் தெரியும் நீ ஏன் ஆட்டினாய் என்று. ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை உனக்கு வாசித்திருக்கிறார்கள். இருமல், கிழிந்த கை, தொப்பியோடு படுக்கை, எல்லாப் புலம்பலையும் நானே என் கையால் எழுதி அனுப்பினேன். நீ அங்கே போய்விட்டால் நான் எங்காவது சூடாக இருப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். முட்டாள் மனுஷா. உன்னைத் திட்டவா, என்னைத் திட்டவா? கையில் காயம் ஆறிவிட்டது. இருமலும் குறைந்துவிட்டது. அதுவும் முழுக்கக் குறையவில்லை, உன்னிடம் இனிப் பொய்யும் சொல்லமாட்டேன், புலம்பவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உன்னை மறுபடி கேட்பார்கள், கேட்கவைத்துவிட்டேன். அந்த வீட்டுக்குப் போகிறீர்களா என்றால் தலையை ஆட்டாதே. வார்த்தை வராது, எனக்குத் தெரியும். வலது கை அசைகிறதே, அந்தக் கையால் கட்டிலைத் தட்டு. ஒரு தட்டு போதும், தட்டினால் மாட்டேன் என்று அர்த்தம், அவர்களிடமும் சொல்லிவிட்டேன். எல்லாம் தீர்ந்தாலும் அடியில் நாலு விரல் மிச்சம் வைக்கிறவன் நீ. உனக்குள்ளும் அவ்வளவு வைத்திருப்பாய். அதை வெள்ளிக்கிழமை செலவு செய்துவிடு, கிளிஃப். என் பக்கம் வருவதற்குச் செலவு செய்.

ரேடியேட்டர்மேல் உன் காலுறை காய்கிறது.

உன்,
டோரீன்

நர்ஸ் அம்மாவுக்கு: கடைசிக்கு முந்தின பத்தியை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில், அவர்கள் வருவதற்கு முன்னால், இன்னொரு தடவை வாசித்துவிடுங்கள்.