என் பேருக்கு எதிரே காலிக் கட்டம்

சேக்காடு, ஆவடி

அன்பு மகள் ஜோதிகாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, நம்ம தெருக் கொசு எல்லாரும் ஏகப்பட்ட சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். இந்தச் சங்கதியைப் போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து திருத்தம் போடுவாள், அதான் கடிதம்.

நம்ம தெருவுக்கென்று ஒரு வெப்சைட் வந்துவிட்டதம்மா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாளே எதிர்வீட்டு சுதா, அவள் செய்தது. ஐடியா என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், இன்னும் யாரும் மறுக்கவில்லை. காசு பேச்சே கிடையாது, ஒருத்தர் பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் இன்னொருத்தர் அவங்க பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பார், அந்த மாதிரி. ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் ஒரு கட்டம், தனக்கு என்ன வரும் என்று அதில் போட வேண்டும். நான் ‘வஞ்சிர மீன் குழம்பு’ என்று போட்டேன். நான் மட்டுமா, தெரு ஆம்பிளைகள் பாதிப் பேர் இட்லி மாவு, முறுக்கு, கோலம் என்று பெண்டாட்டி கைவேலையைத் தன் பேரில் போட்டிருந்தோம், ஒருத்தனுக்கும் அதில் தப்பே தெரியவில்லை. குழம்பை நம்பி மெக்கானிக் துலுக்கானம் என் ஸ்கூட்டரை ரிப்பேர் செய்தும் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். புளி எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாத மனுஷனுக்குக் குழம்பு வைக்க எப்போது வந்தது என்று கேட்டாள், நியாயம்தான். மற்ற பெண்களும் சேர்ந்துகொள்ள, சுதா எங்கள் கட்டங்களை மொத்தமாகத் துடைத்துவிட்டாள்.

அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவன் எல்லாம் செடிக்குத் தண்ணி ஊற்றுவேன், நாயை நடத்திக் கூட்டிப்போவேன் என்று எதையாவது போட்டுவிட்டான். ஐடியாக்காரன் எனக்குப் போட ஒன்றுமே இல்லை. ஃப்யூஸ் போடப் போனால் தெருவே இருட்டாகிறது. துலுக்கானத்துக்குப் பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், அவர் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய்வந்தேன். கடைசியில் அம்மாவே சுதாவிடம் சொல்லி என் கட்டத்தை நிரப்பினாள்: ‘எவ்வளவு நேரமானாலும் பேசுவார். கூட்டிக்கொண்டு போனால் போதும்.’ தெருவே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் துலுக்கானமே வாசலில் நிற்கிறார். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதும் பயந்து பாதி வழியில் திரும்புவதுமாக இருந்த மனுஷன். “கொழம்பு வோணாம் நைனா, ஆசுபத்திரிக்கு நீ கூட வந்து பேசிகினே இரு” என்றார். பூந்தமல்லி பஸ் ஏறினதுமே நான் வேலை பார்த்த ஃபேக்டரி கேன்டீனில் பாம்பு புகுந்த கதையை ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ரூமுக்குள்ளேயும் பேசிக்கொண்டே நுழையப் போனேன், நர்ஸம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாங்க, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தொடர்ந்தேன். இந்தத் தடவை மனுஷன் எழுந்து ஓடவில்லை.

நேற்று துலுக்கானம் சொல்லச் சொல்ல, சுதா என் பேருக்குக் கீழே ஏற்றியிருக்கிறாள்: ‘பாதி கதை பொய். ஆனா பயம் தெர்ல. இன்னொரு கண்ணுக்கும் இவரே வரணும்.’

நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சிரிப்பு குறையாமல் நிறைந்து வாழ வேண்டும். லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் போன் பார்க்காதே, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இன்னொரு கண்ணுக்கும் புக்காகிவிட்ட உன் அப்பா
ஜெகதீசன்