டன்னக் காட்டில் என் பெயரில் ஒரு பெஞ்சு

அன்புள்ள மகன் ஏட்ரியனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன், உயிரோடும் இருக்கிறேன். வழக்கத்துக்கு எழுதுகிற வரி என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை இதைக் கட்டாயம் எழுதவேண்டியிருக்கிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். நீயும் மெலனியும் குழந்தை டாபியும் சௌக்கியம்தானே? டாபிக்கு இரண்டாவது பல் வந்துவிட்டதா? நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், குழந்தைக்குக் காது மறைகிற மாதிரி குல்லா போடு. இங்கே மே மாதம், காலையில் வெயில், மத்தியானம் மழை, சாயங்காலம் இரண்டும் சேர்ந்து.

போனில் நீ கேட்டாயே, வீட்டையும் வித்தாச்சு, அந்த ஃப்ளாட்டுல தனியா உக்காந்து என்னம்மா பண்ணப்போறே, எங்ககூட வந்துடு என்று. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், வருகிறேன் என்றுதான் எழுத இருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து ஊரை விட்டு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது, ஒருத்தர் எட்டிப் பார்த்தார்களா? நாற்பது வருஷம் இருந்த ஊரில் நம்மைத் தேட ஒரு நாதி இல்லை, பிறகு எதற்கு இங்கே கிடக்க வேண்டும் என்று மனசு வெறுத்துப் போயிருந்தது. போவதற்கு முன்னால் நம் பழைய ஊர் டன்னக் காட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போன வியாழக்கிழமை காலையில் சாண்ட்விச்சும் பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கிளம்பினேன். அங்கேதான் என் தலை சுற்றத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

நாலு ஏக்கர் காடு, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ரோட்டில் கேட்கும், அதில் போய் எனக்கு வழி புரியவில்லை. கேட்டைத் தாண்டினால் எப்போதும் கசகசவென்று இருட்டிக் கிடக்குமே ஹேசல் புதர், அதைக் காணோம், ஒரே வெளிச்சம். கிளெனிஸ் பர்கிஸ் சொன்னபடியே செய்துவிட்டாள். கிளெனிஸை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயசில் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள், நானும் அவளும் சேர்ந்துதான் அந்தக் காட்டுக்குத் தொண்டர் குழு ஆரம்பித்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஹேசலை அடிவரைக்கும் வெட்டிவிட்டால்தான் வெயில் இறங்கும், பூ வரும், ஹேசலும் தானாகத் துளிர்க்கும் என்று அவள் சொன்னாள். வெட்டினால் காடே போயிற்று என்று நான் சொன்னேன். ஊர் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவளைக் கசாப்புக்காரி என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வருஷா வருஷம் நானும் அனுப்புவேன், அவளும் அனுப்புவாள், உள்ளே பெயர் மட்டும் இருக்கும், வேறு ஒரு எழுத்து இருக்காது. சண்டை வேறு, அட்டை வேறு இல்லையா?

சரி, காட்டுக்கு வருகிறேன். வெட்டின இடம் முழுக்கப் புளூபெல் பூ. கால் வைக்க இடமில்லை, அவ்வளவு நீலம். வெட்டின கட்டைகளிலிருந்து ஹேசலும் என் உயரத்துக்குத் துளிர்த்து நிற்கிறது. எனக்குச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. நடுவில் புதுசாக ஒரு மரப் பெஞ்சு, இடுப்பு வலிக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன். சாய்கிற பலகையில் பித்தளைத் தகடு, யாரோ செத்துப்போனவர் நினைவாக என்று நம் ஊரில் போடுவார்களே, அதுதான். கண்ணாடியை மாட்டிப் படித்தேன். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். "மேவிஸ் ட்ரான்டர் நினைவாக. இந்தக் காட்டின்மேல் உயிரையே வைத்திருந்தவள். ஹேசல் விஷயத்தில் மட்டும் அவள் சொன்னது தப்பு." அப்படியே இருக்கிறதப்பா, ஒரு எழுத்து மாற்றவில்லை.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. இன்னொரு மேவிஸ் ட்ரான்டர் இருந்தாளோ என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தார்களே, அதிலிருந்து நான் எழுந்தேனா இல்லையா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன், சிரிக்காதே. அந்த நேரம் பார்த்து நாயோடு ஒருவர் வந்தார், ஊருக்குப் புதுசு போல. உட்காரலாமா என்று கேட்டுவிட்டு வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, தகட்டைக் காட்டி, "நல்ல பொம்பளையாம், வாய்தான் கொஞ்சம் நீளமாம், ஆனா இவங்க இல்லன்னா இந்தக் காட்ட வித்து வீடு கட்டியிருப்பாங்களாம்" என்றார். அது நான்தான் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும்! "பாவம்" என்றேன். என்னைப் பார்த்து நானே பாவம் என்றேன் ஏட்ரியன். அவர் தலையை ஆட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முள்புதர் வெட்டுகிற கத்தரியோடு கிளெனிஸ் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கத்தரி கீழே விழுந்தது. "நீ செத்துட்டியேடி!" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "ரெண்டு கிறிஸ்துமஸா கார்டு வரல, நான் போட்டதும் அந்த விலாசத்துல ஆள் இல்லன்னு திரும்பி வந்துருச்சு, வேற என்னத்த நெனைக்கிறது?" என்றாள். இடுப்பு ஒடிஞ்சு கெடந்தேன் என்றேன். "கார்டு எழுதறதுக்கு இடுப்பு எதுக்குடி?" என்று கத்தினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஒரு போன் போட்டு விசாரிச்சிருக்கலாமே என்றேன். "பேசாதவளுக்கு எப்படிப் போன் போடறது, எடுத்தா என்ன பேசறது?" என்றாள். அதுவும் சரிதான், நானும் போடவில்லையே. முதல் வருஷம் ஆஸ்பத்திரி, சரி. அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் அட்டை அனுப்பாமல் இருந்தேன், யார் தேடுகிறார்கள் பார்க்கலாம் என்று. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன இலையுதிர் காலத்தில் ஊர் மண்டபத்தில் எனக்காக எல்லோரும் எழுந்து நின்றார்களாம், அவள்தான் பேசினாளாம், பாதியில் நிறுத்திவிட்டு டீ போடப் போய்விட்டாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, பிளாஸ்க் மூடியைத் திறக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தகட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "நினைவாகங்கிறத மட்டும் சுரண்டி எடுத்துடறேன், தப்புங்கிறது இருக்கட்டும்" என்றாள். சுற்றிலும் பூ, நான் என்ன வாதாடுவது? இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பிளாஸ்க் மூடியில் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன், அதே பழைய வழக்கம், ஆறவிட்டுத்தான் குடித்தாள். கிளம்பும்போது, "அடுத்த வியாழக்கிழமை வருவியா, முள்ளு மண்டிக் கெடக்கு" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குத் திங்கள், கையுறையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அதனால் ஏட்ரியன், விமான டிக்கெட் இப்போது எடுக்காதே. வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. டாபியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் என்னைத் தேட ஆள் இல்லை என்று நினைத்துத்தான் வருகிறேன் என்று சொல்ல இருந்தேன், அது பொய்யாகிவிட்டது, இப்போது என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், கோபப்படாதே.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், டாபிக்கு என் முத்தம். மெலனியிடம் அவள் அனுப்பிய காலுறை சரியாக இருக்கிறது என்று சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அட்டையை நவம்பரிலேயே தபாலில் போட்டுவிடு. எனக்கு ஒன்று, கிளெனிஸுக்கு ஒன்று. உள்ளே வெறும் பெயர் மட்டும் எழுதி அனுப்பாதே, நாலு வரி எழுது.

இப்படிக்கு,
ஹேசல் விஷயத்தில் மட்டும் தப்பாகச் சொன்ன உன் அம்மா,
மேவிஸ்