அம்மாவுக்கு ஒரு புள்ளி

கொட்டாஞ்சேனை
15.09.2025

அன்புள்ள இராமலெட்சுமி அக்காவுக்கு,

லவினா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உங்களுக்குப் போன் எடுத்தேனே, அந்த லவினாதான். நீங்கள் பம்பலப்பிட்டி ஒபிசில் மாடிப்படி கழுவிக்கொண்டு நின்றீர்கள். எடுத்த எடுப்பில் "உங்கட மகள் ஏன் ஸ்கூலுக்கு வாறதில்ல?" என்று நான் கேட்டது பிழை. நீங்கள் போனை வைத்ததில் பிழையே இல்லை. அதனால்தான் இப்போது கடிதம். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நான் பாடசாலை டீச்சர் இல்லை. படிப்பை இடையில் விட்டுவிடக்கூடும் என்று நாங்கள் நினைக்கிற பிள்ளைகளுக்கு, பின்னேரத்தில் மாதா கோயில் ஹோலில் வகுப்பு நடத்துகிறோம். என் வகுப்பில் ஆறு பிள்ளைகள். கணக்குச் சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. வராத பிள்ளையைத் தேடிப் போவது மீதி வேலை. நிஷாந்தி இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பாடசாலைக்கும் வரவில்லை, ஹோலுக்கும் வரவில்லை. இரண்டு தரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் பூட்டியிருந்தது. மற்ற நாள் அவள் கதவிடுக்கால் "அம்மா இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சாமினி ஒரு கதை சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து நிஷாந்தி வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடைக்கு வேலைக்குப் போகிறாளாம். உண்மையா அக்கா? ஓ.எல். பரீட்சை விண்ணப்பங்களைப் பாடசாலையில் ஒக்டோபர் மூன்றாம் திகதி கட்டி அனுப்புகிறார்கள். அதற்குள் அவள் கையெழுத்து வைக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். ஒருமுறை கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளை திரும்பி வருவதை நான் கண்டது குறைவு.

இரண்டு வரி என்றாலும் பதில் தாருங்கள். சாமினியிடம் கொடுத்துவிட்டால் போதும்.

அன்புடன்,
லவினா


கொட்டாஞ்சேனை
18.09.2025

லவினா மிஸ் அவர்களுக்கு,

இராமலெட்சுமி சொல்ல, மகள் நிஷாந்தி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜிந்துப்பிட்டி முருகனை வேண்டுகிறோம்.

போனை வைத்தது கோபத்தில்தான். கை தவறி விட்டது என்று எழுதுவோம் என்கிறாள் மகள். நான் மாட்டேன் என்றேன். மேசன் வேலை நடக்கிற இடம் மாதிரி சத்தம், மெனேஜர் மேலே நின்று பார்க்கிறார், அந்த நேரத்தில் என் பிள்ளையைப் பற்றிக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது.

அதை விடுங்கள். யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? தெரியாதுதான். ஆனால் நான் உங்களிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவளைப் படிப்பிலிருந்து நிற்பாட்டியது நான் இல்லை மிஸ். நீங்கள் அப்படி நினைத்திருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். முதலாம் வகுப்பிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, தலை பின்னி, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான். ஒரு நாள் எழும்பி உட்கார்ந்துகொண்டு "இனி நான் போகமாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டால் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறாள். அடித்தும் பார்த்தேன். இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுதுடி என்று சொல்லித்தான் எழுத வைக்கிறேன். அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து மடியில் வைக்காத குறையாகக் கேட்டார். அவரிடமும் வாய் திறக்கவில்லை. சாரிக் கடை வேலையும் அவளே தேடிக்கொண்டதுதான்.

உங்கள் ஹோலில் ஏதும் நடந்ததா மிஸ்? பையன்கள் யாரும் ஏதும் சொன்னார்களா? பெற்றவள் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இராமலெட்சுமி

மிஸ், இனி எழுதுவது அம்மா சொன்னதில்லை. அம்மா சோறு வடிக்கப் போயிருக்கிறார்.

பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஓகஸ்ட் கடைசியில் வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்த அன்று, ஹோல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். "இடைவிலகும் அபாயம் உள்ள மாணவர்" என்று தலைப்பு. என் பெயர் மூன்றாவது. அன்றைக்கே வகுப்பில் என்னை "அபாயம்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மேசையில் என்னுடைய படிவம் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். தந்தை வீட்டில் இல்லை, ஒரு புள்ளி. வரிசை வீடு, ஒரு புள்ளி. படிக்க மேசை இல்லை, ஒரு புள்ளி. தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஒரு புள்ளி. நாலு புள்ளி வந்தால் அபாயம்.

எல்லாம் நான் சொன்னதுதான். நீங்கள் தின்னப் பனிஸ் தந்து, சிரித்துச் சிரித்துக் கேட்டீர்கள். நானும் கதை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன். அம்மாவைக் குறை எழுதுகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அதுவரைக்கும் படிப்பை விடுகிற யோசனையே எனக்கு இருக்கவில்லை மிஸ். அந்த ஹோலைப் பார்த்தாலே இப்போது அம்மாவைக் காட்டிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. பாடசாலைக்கு வந்தாலும் அதே பிள்ளைகள்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். நீங்கள் எழுதுவதை வாசிக்கப் போவதும் நான்தான். அந்த இடம் வந்தால் விட்டுவிட்டு வாசிப்பேன்.

நிஷாந்தி


கொட்டாஞ்சேனை
21.09.2025

அன்புள்ள இராமலெட்சுமி அக்காவுக்கு,

நிஷாந்தி, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசி. நீ கேட்டதை நான் செய்யவில்லை. என்னோடு கோபிப்பாய் என்றும் தெரியும். ஆனால் உன் அம்மா "மறைக்காமல் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு நான் என்ன பதில் எழுத?

அக்கா, உங்கள் மகள் பாடசாலையை விட்டதற்குக் காரணம் நான்.

எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. எந்தப் பிள்ளை படிப்பை விடக்கூடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க அதில் புள்ளி போடுவோம். அப்பா வீட்டில் இல்லாவிட்டால் ஒன்று, படிக்க மேசை இல்லாவிட்டால் ஒன்று, இப்படி. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். நிஷாந்தியிடம் நானே கேட்டேன், அவள் உண்மையைச் சொன்னாள். நாலு புள்ளி வந்தது. அவளுடைய வரவுப் பதிவை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் பாடசாலையில் கேட்டுப் பார்த்தேன். போன வருஷம் முழுவதும் அவள் வராத நாள் மூன்றே மூன்று. மூன்றும் காய்ச்சல்.

அந்தப் பெயர்களைச் சுவரில் ஒட்டியதும் நான்தான். பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் வேலை விளங்கவேண்டும் என்று ஒட்டினேன். பிள்ளைகள் அதே வாசலால்தான் வருவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவள் படிவத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். உங்களைக் குறைவாக எழுதியிருப்பதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு அங்கே வர மனம் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் நோகும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். நீங்கள் அடித்தபோதும் சொல்லவில்லை.

இதை நேரே வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னியுங்கள் என்று கேட்பதைவிட, அவளை மூன்றாம் திகதிக்கு முன்னர் அனுப்பிவிடுங்கள் என்று கேட்கிறேன். என்னிடம் படிக்க வேண்டாம். வேறு ஆளிடம் விடுகிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தால் போதும்.

அன்புடன்,
லவினா


கொட்டாஞ்சேனை
24.09.2025

லவினா மிஸ்ஸுக்கு,

இதை எழுதுவது சந்தி போட்டோகொப்பிக் கடை றிகாஸ். இராமலெட்சுமி அக்கா பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறா. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

மிஸ், நேத்து புள்ள ஒங்க கடுதாசிய வாசிச்சா. ரெண்டு பக்கமும் நெறய எழுத்து. அவ வாசிச்சது அர நிமிஷம். எனக்கு எழுத்துத் தெரியாது, நீளம் தெரியும். "அவ்வளவுதானாடி?"ன்னு கேட்டேன். "மிச்சமெல்லாம் சுகம் விசாரிக்கிறதும்மா"ன்னா. ரெண்டு பக்கத்துக்கு யாரு சுகம் விசாரிப்பா? அவ குளிக்கப் போன நேரம் பாத்து எடுத்துக்கிட்டு றிகாஸ் தம்பிக்கிட்ட வந்துட்டேன். தம்பி வாசிச்சிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னுச்சு. "வாசி தம்பி, எனக்குத்தானே எழுதியிருக்கு"ன்னேன்.

வலிச்சிச்சு மிஸ். பொய் சொல்ல மாட்டேன். எழுத்துத் தெரியாதது என்னோட போற வெக்கம்னு நெனச்சிருந்தேன். அது எம் புள்ளைக்கு ஒரு புள்ளியா நிக்கும்னு தெரியாது. அவங்க அப்பா வீட்டுல இல்லன்னு வேற போட்டிருக்கீங்க. அவரு இரத்மலானையில ஃபெக்டரியில தங்கி வேல செய்யிறாரு. மழையோ வெயிலோ ஞாயித்துக்கெழம வந்துருவாரு. ஓடிப்போன மனுசனையும் ஒழைக்கப் போன மனுசனையும் ஒரே கட்டத்துல போட்டா எப்புடி?

வீட்டுக்குப் போயி அவகிட்ட கேட்டேன். அழுதா. நானும் அழுதேன். பொறகு சொன்னேன்: "எனக்காகத்தான் படிப்ப விடுறியா? இந்த அம்மாவுக்குப் பொறந்த புள்ள படிக்காதுன்னு அந்தத் தாள்ல எழுதியிருக்கு. நீ கடைக்குப் போனா அந்தத் தாளு சொன்னது சரியாப் போயிரும்டி. என் மானத்தக் காப்பாத்துறேன்னு என்னையே தோக்க வச்சிராத." ராத்திரி சீருடைய எடுத்து ஊறப் போட்டா.

இப்ப ஒங்களுக்குச் சொல்லுறேன். திங்கக்கெழம அர நாள் லீவு போட்டுட்டு அவளோட ஹோலுக்கு வர்றேன். சுவத்துல உள்ள தாளு அதுக்கு முந்தி எறங்கியிருக்கணும். அந்தப் படிவத்த எடுத்து வச்சி, எல்லாப் புள்ளைங்களும் இருக்கையில, அந்தக் கேள்விய எங்கிட்ட கேளுங்க. எங்கதைய எம் புள்ளைக்கிட்ட பனிஸ் குடுத்துக் கேட்டிருக்கீங்க. நான் உசுரோடதானே இருக்கேன்?

வேற ஆளுக்கிட்ட விடுறேன்னு எழுதியிருக்கீங்க. வேணாம். நீங்க மூடி மறைச்சிருந்தா எனக்குத் தெரிய வந்திருக்காது. மறைக்கல. அந்த ஒண்ணுக்காகத்தான் வர்றேன்.

இராமலெட்சுமி


கொட்டாஞ்சேனை
03.10.2025

அன்புள்ள இராமலெட்சுமி அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. இன்று காலை பத்து மணிக்கு நிஷாந்தி விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தாள். அதிபர் அதை மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துக் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எல்லாருக்கும் முன்னால் "எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று நான் கேட்க, "தெரியாது, எழுதிக்கோங்க. அதுக்குக் கீழ, பதினோரு வருஷமா புள்ளைய அஞ்சு மணிக்கு எழுப்புறவள்னும் எழுதுங்க" என்று சொன்னீர்களே. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன். நீங்கள் வாசல் தாண்டியதும் பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், எங்கட அம்மாவுக்கும் தெரியாது" என்றாள். பிறகு இன்னொன்று. ஆறு பேரில் நாலு பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் இவ்வளவு நாளும் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் "அபாயம்" என்று கூப்பிட்டதை நான் கேட்கவில்லை.

நிஷாந்தி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை. கணக்கு மட்டும் கேட்கிறாள். அவளாகக் கதைக்கும்வரை நான் பொறுத்திருப்பேன்.

இனி அந்தப் படிவம் வேண்டாம் என்று நான் சொன்னதில் எங்கள் பொறுப்பாளர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணாவுக்கு என்னோடு மனஸ்தாபம். படிவம் இல்லாமல் எந்தப் பிள்ளையைத் தேடிப் போவது, எல்லாப் பிள்ளையும் விட்டுப் போன பிறகா என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
லவினா


கொட்டாஞ்சேனை
27.02.2026

அன்புள்ள லவினா மிஸ் அவர்களுக்கு,

இராமலெட்சுமி சொல்ல, நிஷாந்தி எழுதுவது.

நேற்றோடு பரீட்சை முடிந்தது. ஒரு பாடமும் விடாமல் எழுதிவிட்டாள். கணக்கு இரண்டாம் பகுதியில் கடைசிக் கேள்வி கையைக் கடித்துவிட்டதாம். "நீங்கள் அந்தப் பாடத்தை இரண்டு தரம் படிப்பித்தும் நான்தான் கவனிக்கவில்லை" என்று, நான் சொல்லாமலே, அவளே வாயால் சொல்லிக்கொண்டு எழுதுகிறாள். கடைசி நாள் அவளுடைய அப்பா கிழமை நாளில் லீவு எடுத்து வந்து பாடசாலை வாசலில் நின்றார். என்னத்துக்கு என்று கேட்டால், சும்மா வந்தேன் என்கிறார். வருகிற வழியில் மூன்று பேருமாகப் பலூடா குடித்தோம்.

பெறுபேறு வரட்டும், பார்ப்போம். வந்தபடி வரட்டும். பெயில் என்றாலும் திரும்ப எழுதுவாள். சாரிக் கடைப் பேச்சு இந்த வீட்டில் இப்போது இல்லை.

நீங்கள் ஒக்டோபரில் ஒன்று கேட்டிருந்தீர்கள், எந்தப் பிள்ளையைத் தேடிப் போவது என்று. நான் அப்போது பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. போன கிழமை எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளை காலையில் பைப்படிக்கு வரவில்லை. பாடசாலை நாளில் எங்களுக்கு முன்னால் வாளியோடு நிற்கிற பிள்ளை. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஐந்தரை மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. "தல பின்னி விடவா?" என்று கேட்டேன். உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்து கொடுத்தாள்.

இன்றைக்கும் பின்னி விட்டுத்தான் வேலைக்குப் போனேன். நாலு நாளாகப் பாடசாலைக்குப் போகிறாள். திங்கட்கிழமை பின்னேரம் நிஷாந்தி அவளை உங்களிடம் கூட்டி வருவாள். பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

பெயரைக் கேட்காதீர்கள் மிஸ், எழுதி வைத்துவிடுவீர்கள். அவளுக்குச் சொல்லத் தோன்றுகிற அன்றைக்கு அவளே சொல்லுவாள்.

இப்படிக்கு,
இராமலெட்சுமி