கரி படிந்த கூரை

அக்கா,

இன்று ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு பழைய வீட்டின் மச்சுப் பலகைகளைக் கழற்றினோம். உள்ளேயிருந்து பழங்கரியின் மணம் வந்தது. கூட வேலை செய்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. கூடவே அந்தக் கோபமும்.

கொலோனில் ஒரே அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்த இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் நாம். இங்கிலாந்தில் உள்ள பழைய நிலப்பிரபு மாளிகை ஒன்றைப் பற்றி ஜெர்மன் மொழியில் புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லி, அளவெடுக்க என்னையும் கூப்பிட்டீர்கள். இரண்டு கோடை விடுமுறைகளை அந்த வீட்டுக்குக் கொடுத்தேன். செங்கல் முகப்பு, நெட்டையான புகைபோக்கிகள், கல்சட்டமிட்ட சன்னல்கள். அந்தக் காலத்துக் கம்பளி வியாபாரி ஒருவர் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டிய வீடு என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

பெருங்கூடத்தின் சுண்ணாம்பு மச்சுக்கு மேலே, ஒரு துவாரம் வழியாக ஊர்ந்து போனது நான். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உத்திரங்கள் எல்லாம் கறுப்பு.

“அக்கா, மேல வாங்கோ! எல்லாம் கரி!”

“எனக்கு முழங்கால் ஏலாது. நீ சொல்லு, நான் எழுதிறன்.”

புகைபோக்கிகள் வருவதற்கு முன்பு கூடத்தின் நடுவில் திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது. புகை கூரை வழியே போயிருக்கிறது. வியாபாரி செய்ததெல்லாம் ஒரு பழைய வீட்டுக்குச் செங்கல் போர்த்தியதுதான். இருமிக்கொண்டே இறங்கி வந்து அதைச் சொன்னேன். என் தலையில் இருந்த கரியை உங்கள் சால்வையால் துடைத்துவிட்டீர்கள்.

புத்தகம் வந்தது. “நான் கூரைக்குள் ஊர்ந்து சென்றபோது” என்று அந்த அத்தியாயம் தொடங்கியது. என் பெயர் எங்கேயும் இல்லை. அலுவலகச் சமையலறையில் உங்களிடம் கேட்டேன்.

“நீங்கள் மேல ஏறேல்லையே, அக்கா?”

சிரித்தீர்கள். “ரெண்டு பேர் ஏறினா வாசிக்கிறவைக்குக் குழம்பும், பிள்ளை.”

வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு உங்கள் மகளிடமிருந்து, சாவுச் செய்தியோடு வந்தது.

செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கூரைக்குள்ள தான் ஏறின கதையை அம்மா எப்பவும் சொல்லுவா. இருமி இருமி இறங்கினவாவாம், தலையெல்லாம் கரியாம். நீங்களும் கூட இருந்தனீங்கள்தானே? அம்மா பயப்படேல்லையா?”

என் இருமலைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அவளோ அழுது வீங்கிய கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “கொஞ்சமும் பயப்படேல்ல.”

உங்கள் பொய்க்கு நானும் சாட்சியாகிவிட்டேன். உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா. ஆனால் அவளிடம் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.