மூன்று முறை கேட்க வேண்டிய மனிதர்

ஏரிக்கரை வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

தெற்குக் கடலில் திமிங்கிலங்களுக்குத் தலைக்கணக்கு எடுக்கும் என் மருமகள் தூலிக்கு, உன் ஒரே தாய்மாமனும், நான்கு ஏரிகளுக்கும் ஒரு சதுப்பு நிலத்துக்கும் முடிசூடா மன்னனுமாகிய வெய்க்கோ எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் கப்பல் கேப்டன் நம்பமாட்டார். நீங்கள் எண்ணுகிற திமிங்கிலங்களில் ஒன்றுகூட நம்பாது. எவராலும் நம்ப முடியாத கதை ஒன்றைத் தருகிறேன் என்று நெஞ்சில் கைவைத்து உறுதி கூறுகிறேன்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, மூளையில் ரத்தக்கட்டி, ஊசி போட்டாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவமனை உனக்குச் சொல்லியிருக்கும். அது வெறும் செய்தி. வரலாறு என்னிடம்தான் இருக்கிறது. கப்பலில் குரல் விட்டுவிட்டுத்தான் வருகிறது, எழுத்து மட்டுமே ஒழுங்காக வந்து சேருகிறது என்று நீ சொன்னதால் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, வழக்கம்போல நானும் உன் அப்பாவும், அதாவது என் அத்தானும், சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய சூடு எப்படி என்றால், சுவரில் தொங்கிய வெப்பமானி தானாகவே கதவைத் திறந்துகொண்டு போய் ஏரியில் குதித்தது. அத்தான் வலது கையில் அகப்பையோடு கற்களின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். உடைந்துகொண்டிருந்த பனிக்கு அடியில் என் தூண்டிலில் மாட்டிய அந்த மீன், என்னைப் படகோடு தேவாலயத்துத் துறைவரை இழுத்துப் போய், பிரசங்கம் முடியும்வரை காத்திருந்து, மரியாதையாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலஞ்சென்ற உன் அம்மாவை, என் அக்கா ஹில்க்காவைப் பெண் கேட்டு வந்த அன்றே வாயைத் திறக்காத மனிதர். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒழுங்காகச் சொல்லி வந்தது ஒரே ஒரு சொல்தான். நான் எந்தக் கதை சொன்னாலும், முடிவில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "புளுகு" என்பார். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. கடைசியில் மனிதர் நம்பிவிட்டார் என்று என் நெஞ்சு விம்மியது. சும்மா விடுவேனா? மீனுக்கு மீசை வைத்தேன். மீசையில் வெள்ளி மோதிரம் மாட்டினேன். அப்போது அகப்பை அவர் கையிலிருந்து நழுவிப் பலகையில் உருண்டது. அவர் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார், யாரோ விட்டுவிட்டுப் போன பூனையைப் பார்ப்பதுபோல. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, துண்டைச் சுற்றிப் படுக்கவைத்து, அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "பேச்சு எப்படி இருக்கு, வழக்கம்போல இருக்கா?" என்றது. "வழக்கம்போலத்தாம்மா இருக்கு, ஒண்ணுமே பேசல" என்றேன். "சார், குடிச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லையம்மா, இந்த மனுஷர் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று நான் விளக்குவதற்குள் அவள் வண்டியை அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் நீடூழி வாழட்டும். நம் ஊரில் மௌனத்தை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை, தூலி. வேறு ஊராயிருந்தால் அகப்பை விழுவதற்கு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கண்டபடி போட முடியாதாம். வாதம் எப்போது தொடங்கியது என்று தெரிந்தாக வேண்டும். நேரம் கடந்து போட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். "கடைசியா அவர் நல்லா பேசினது எப்போ?" என்று வண்டியில் வந்தவன் கேட்டான். வியாழக்கிழமை கடையில் அவர் "ம்" என்றது எனக்குத் தெரியும். வியாழன் என்று எழுதினால் ஊசி கிடையாது. ஊரில் உள்ள அத்தனை பொய்யும் கையிருப்பில் வைத்திருப்பவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது ஒரு நினைவுதான். அடுப்பு மூட்டும்போது, இந்த விறகு அதிபர் மாளிகையிலிருந்து எனக்குப் பரிசாக வந்தது என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தேன். அதற்கு "புளுகு" என்றார். பிறகு மீன் கதைக்கு அந்தச் சொல் வரவில்லை. இரண்டு பொய்களுக்கும் நடுவில்தான் அது நடந்திருக்கிறது. வண்டிக்காரன் அதை அப்படியே மருத்துவமனைக்குச் சொன்னான். ஊசி நேரத்துக்குள் விழுந்தது.

இப்போது நிலவரம். கால் நன்றாக இருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை அரைமனதாக வேலை செய்கிறது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல் மட்டும் வரவில்லை. இன்னொரு கட்டி வராமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அவர் கொட்டாவி விட்டால்கூட நான் வாய் கோணுகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். நர்ஸ் ரீத்வா என்னை இரண்டு தடவை துரத்திவிட்டாள்.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான். முதல் சில நாள் உன் அப்பா காபியே குடிக்கவில்லை என்று ரீத்வா சொன்னாள். மருமகளே, ஆர்மாஸ் என்ற மனிதர் காபி குடிக்கவில்லை என்றால் ஏரி கீழிருந்து மேலாக உறைகிறது என்று அர்த்தம். விசாரித்தேன். "வண்டியைத் தள்ளிட்டு வந்து காபி வேணுமானு கேக்கறேன், வேணாம்னு தலையை ஆட்டறாரு. சரினு போயிடறேன்" என்றாள். "எத்தனை தடவை கேட்ட?" "ஒரு தடவைதான். வேணாம்னா வேணாம்தானே?" கடற்கரை நகரத்துப் பெண், பாவம். எங்கள் பக்கத்தில் முதல் தடவையே சரி என்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன், இரண்டாம் தடவை சரி என்பவன் பேராசைக்காரன், மூன்றாம் தடவை கேட்டால்தான் மனிதன் கோப்பையை எடுப்பான் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். அவள் மூன்று தடவை கேட்டாள். அவர் இடது கையால் கோப்பையை வாங்கினார். ஏலக்காய் ரொட்டியையும் விடவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொரு தலையாட்டல் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் டாக்டர் ஹெய்க்லா வந்துவிட்டுப் போயிருந்தாள். தலைநகரத்தில் வளர்ந்த இளம்பெண், ஆராய்ச்சிக்காரி. பக்கவாதத்தில் பேச்சைத் தொலைத்தவர்களைக் கூட்டமாகப் பாடவைத்துப் பழக்கினால் பேச்சு சீக்கிரம் திரும்புமா என்று பார்க்கிறார்கள். பேச்சு போகும் பாதை அடைபட்டாலும், பாட்டு மூளைக்குள் வேறு சந்து பொந்து வழியாகவும் வருமாம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டு, மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி மட்டும். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். அந்தக் கணினிக்கு நான் ஒரு கூடை புகைபோட்ட மீன் கொடுக்கத் தயார் என்றேன், அது சாப்பிடாதாம். "இது நிச்சயமா பலிக்குமா?" என்று கேட்டேன். "தெரியாதுங்க. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?" என்றாள். நேர்மையான பெண். வாதம் வந்த முதல் வாரங்களுக்குள் சேர வேண்டும். உன் அப்பாவுக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு கதவு மூடுகிறது.

டாக்டர் அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். மறுத்துவிட்டார் என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அவளைப் படிக்கட்டில் மறித்து, காபி சாஸ்திரம் முழுவதையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தாங்க. நான் திரும்பத் திரும்பக் கேட்டா அது வற்புறுத்தல் ஆயிடும். ஆராய்ச்சில அது கூடவே கூடாது. அப்புறம் எங்களை யார் நம்புவாங்க?" என்றாள். அவள் சொல்வது நியாயம். அதுதான் தொல்லை. நியாயமில்லாதவளாக இருந்தால் நான் சமாளித்திருப்பேன். கடைசியில், "வீட்டுக்காரங்க பேசி, அவரே மனசு மாறிக் கூப்பிட்டா ஓடி வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

நான் பேசினேன். "அத்தான், பாட்டுக்குப் போறீங்களா?" மறுப்பாக ஒரு தலையாட்டல். கொஞ்சம் வானிலை பேசிவிட்டு மறுபடி கேட்டேன். தலையாட்டல். மூன்றாவது தடவை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நான் கேட்பது கணக்கில் சேருமா சொல்? வீடு பற்றி எரிகிறது என்று நான் போய்ச் சொன்னால்கூட மூக்கால் சிரிக்கிற மனிதர் அவர்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் வெறும் கூச்சத்தால் மறுக்கவில்லையோ என்னவோ. தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரலுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. பேசாத மனிதர் அங்கே மட்டும்தான் வாயைத் திறப்பார். இன்றைக்கு வாய் கோணி, எச்சில் ஒழுக, தெரியாத முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து குழந்தைப் பாட்டுப் பாட வேண்டுமா என்று அவர் நினைத்திருந்தால்? அது மரியாதைக்கான மறுப்பு இல்லை, நிஜ மறுப்பு. அதைத் தள்ளிவிட்டு நடக்க எனக்கு உரிமையில்லை. எது எது என்று எனக்குத் தெரியவில்லை, தூலி. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

நேற்று மனம் கேட்காமல் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் துடுப்புப் போடும்போது பாடுகிற அந்தப் படகுப் பாட்டை எடுத்துவிட்டேன். என் குரலுக்குப் பக்கத்து அறையில் இரண்டு பேர் குணமாகி வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ராகம் தப்பியது. அத்தானின் புருவம் ஏறியது. பிறகு, கேள் மருமகளே, உன் அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, எல்லாச் சரணங்களையும் முழங்கினார். ஜன்னல்கள் அதிர்ந்தன. தலைமை மருத்துவர் ரீத்வாவைக் கைபிடித்து நடைகூடம் முழுக்க ஆடினார். வடக்கே போய்க்கொண்டிருந்த அன்னங்கள் வழியை மாற்றிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக வந்து இறங்கின.

சரி. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேப்டனிடம் செயற்கைக்கோள் போன் இருக்கும். அவர் காலில் விழு, அல்லது அவரை உன் காலில் விழவை, எப்படியோ புதன்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிடு. ரீத்வா போனை அவர் காதில் வைப்பாள். பாட்டுக்குப் போகிறாயா அப்பா என்று ஒரு தடவை கேள். பிறகு திமிங்கிலத்தைப் பற்றிப் பேசு. இரண்டாம் தடவை கேள். கடலைப் பற்றிப் பேசு. மூன்றாம் தடவை கேட்டுவிட்டுச் சும்மா இரு. அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்கும். அதற்குப் பயந்து நடுவில் எதையும் பேசிவிடாதே. தலை எந்தப் பக்கம் அசைந்தது என்று ரீத்வா சொல்வாள், என் வார்த்தையை நம்ப வேண்டாம். அப்போதும் வேண்டாம் என்றால் அது அவருடைய சொந்த வேண்டாம். நாம் இருவரும் அதற்குமேல் வாய் திறக்கக்கூடாது.

உன் கடல் உன்மேல் கோபப்படாதிருக்கட்டும். உன் கால்கள் தளத்தில் வழுக்காதிருக்கட்டும். போகிற காற்றெல்லாம் உன் முதுகுப் பக்கமிருந்தே வீசட்டும்.

உன் அன்பு மாமன்,
வெய்க்கோ

பின்குறிப்பு: அன்னங்கள் வரவில்லை. தலைமை மருத்துவர் ஆடவில்லை. அவர் ஊரிலேயே இல்லை. ஜன்னல்கள் அப்படியே இருந்தன. உன் அப்பா எழுந்து உட்காரவும் இல்லை. நான் தப்பாகப் பாடிய இடத்தில், கண்ணை மூடியபடி, மெல்லிய குரலில் என்னைத் திருத்தினார். ராகத்தோடு இரண்டே சொல் வந்தது: "படகைத் திருப்பு." அது மட்டும் நிஜம். டாக்டரிடம் அதை அன்னங்களோடு சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன், அவள் எதையும் நம்பவில்லை. அவர் உன்னை நினைத்துச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டில் அந்த இடத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது.