சில்லு மடங்கிய சத்தம்

அக்கராயன்,
ஆவணி மாதம்.

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளையார் அருளால் இங்கே எங்களுக்கு ஒரு குறையுமில்லை, நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் கனடாவில் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாய் திறக்கும் முன்னரே நீ சிரிக்கத் தொடங்கிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். குளத்துத் தண்ணீர் இந்தமுறை கடைசி வயல்வரை வந்தது, சிறுபோகம் வெட்டி முடித்தோம், அப்பாவின் முழங்கால்தான் முன்னைப்போல இல்லை. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே என்று எத்தனை தரம் சொல்வது?

சரி, விடயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளைப்பேற்றுக்கு வரமுன் எனக்கு விமானப் பயம் தெளியட்டும் என்று நீதான் என்னையும் தம்பி ரஜிதனையும் திருச்சிக்கு அனுப்பிவைத்தாய். மேலே எழும்பிய கையோடு காலுக்குக் கீழே தடாரென்று ஒரு சத்தம். நான் யோசிக்கவேயில்லை. ரஜிதனின் கழுத்தைப் பிடித்து அமுக்கி, அவன் தலைக்கு மேல் கவிழ்ந்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். பெல்ட் வயிற்றை அறுத்தது. பிறகு பணிப்பெண் வந்து அம்மாவுக்கு ஏதும் வருத்தமோ என்று கேட்க, இவன் முகம் கறுத்துப்போய், ஒண்டுமில்லை, பிளேன்ர சக்கரச் சில்லு உள்ளுக்க மடங்கின சத்தத்துக்கு அம்மா பயந்திட்டா என்றான்.

அதோடு விட்டானா? குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். உன் மச்சான் அனோஜன், மாமி பிளேனுக்குள்ள பங்கர் வெட்டேல்லையோ என்று கேட்கிறான். அவன் கேட்கட்டும், சண்டை நடந்த நாளில் அவன் லண்டனில் இருந்தவன். நீ ஏன் சிரித்தாய்? சிரித்தது காணாதென்று ஒரு பைலட் பேசும் வீடியோவை வேறு அனுப்பியிருக்கிறாய். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது கொண்டுபோய் இறக்குமாம், செட்டை வளையுமே தவிர முறியாதாம், குலுக்கமெல்லாம் கிடங்கு விழுந்த ரோட்டில் பஸ் குலுங்குவதுபோலத்தானாம். முழுக்கப் பார்த்தேன், எல்லாவற்றையும் நம்புகிறேன். ஏ9 வீதியில் ஒன்றையொன்று முந்தி ஓடும் பஸ்களில் மாங்குளம் போய்வருகிறவளுக்கு விமானம் பாதுகாப்பென்று படிப்பிக்கத் தேவையில்லை. விமானம் விழுந்துவிடும் என்று நான் எப்போதாவது சொன்னேனா? விமானத்திலிருந்து விழுந்தவற்றுக்குத்தானடி நாங்கள் பயந்தது. அதற்கு அந்தப் பைலட்டிடம் வீடியோ இருக்கிறதா?

யுத்த நாளில் கிபிர் விமானம் குண்டு போட வந்து இரையும்போது, பங்கர்க் குழிக்குள் உன்னைக் குப்புறப் படுக்கவிட்டு, தம்பியை என் நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு, வாயைத் திற பிள்ளை, இல்லாட்டிக் காது வெடிக்கும் என்று நான் கத்தியது உனக்கு மறந்துபோய்விட்டதா? மறந்திருந்தால் சந்தோசம், நீ மறக்க வேண்டுமென்றுதான் கண்காணாத தேசத்துக்கு உன்னைக் கட்டிக்கொடுத்தோம். ஆனால் என் கை மறக்கவில்லை. அந்தக் கை அப்படிப் பழகியிருந்ததால்தான் இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க நீங்கள் இரண்டு பேரும் மிஞ்சியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட வேண்டியது நானா? பிள்ளையள் பகிடிக்குத்தானே சொல்லுதுகள், விடுமன் என்கிறார் அப்பா. விடமாட்டேன்.

அதற்காக நான் வரமாட்டேன் என்று நினைத்து அழாதே. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் போகாமல் வேறு யார் போவது? உனக்குப் பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்து இடித்து வைத்துவிட்டேன். விசா எனக்கும் தம்பிக்கும் வந்துவிட்டது, டிக்கெட்டைப் போடு. நல்லபடி பெற்றுப் பிழைத்து, நீயும் உன் பிள்ளையும் நூறாண்டு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஜன்னலோரமோ நடுவிலோ எங்கே இருத்தினாலும் சரி, ரஜிதனுக்கு என் பக்கத்து ஆசனத்தையே எடு. அந்தச் சத்தம் வரும்போது என் பிள்ளை எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
ப. இலட்சுமி