வாய் வரையாத வீரன்

லாஸ் ஏஞ்சலஸ்,
அக்டோபர் 1977

அன்புள்ள அம்மாவுக்கு,

வெர்னெல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

சனிக்கிழமை கார்ட்டூனில் நான் வரையும், நம்மைப் போலக் கறுப்பு நிறத்து வீரனை அலபாமாவில் நம் தெருப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? மற்ற வீரர்கள் எல்லோருக்கும் பேசும் வாயை விதவிதமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். இவனுக்கு மட்டும் மூடிய வாய்தான். பொறுக்க முடியாமல் நானே வரைந்து இயக்குநர் ஹாலிஸிடம் கொடுத்தேன்.

"நல்லாத்தானே பறக்கிறான்? பேச்சு வேற எதுக்கு?" என்றார்.

"அவன் ஊமைன்னு கதையில எங்கேயாவது இருக்கா சார்?"

சிரித்தபடியே படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

பக்கத்து மேசை பெர்னிஸ், "கோவத்துல வேலைய விட்றாதடி" என்றாள். விடவில்லை, பயப்படாதீர்கள். அந்த வாய்களை ஹாலிஸ் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவிட்டேன். அவர் இன்னும் கிழிக்கவில்லை.

கரும்புப் பாகு ஒரு புட்டி அனுப்புங்கள். ஞாயிறு போன் செய்வேன். நலமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். இங்கே நானும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள்
வெர்னெல்